தெற்கே விட்டுப்போன புள்ளிகள்

வெடி வைக்கிறவருக்கும் அந்த வெடியை அழிக்கிறவளுக்கும் கல்யாணம் நடந்தால் குடும்பம் உருப்படுமா என்று அன்றைக்கே கேலி செய்தவர்கள் உண்டு. உருப்பட்டது. இருபது வருஷத்துக்கு மேல் நன்றாகவே உருப்பட்டது. வம்பு வந்ததே அதனால்தான்.

அவர் கல்குவாரியில் வெடிக்காரர். பாறையில் துளை போட்டு, மருந்தை இறக்கி, ஆட்களைத் தூர விரட்டிவிட்டு வெடிக்கிற வேலை. அவள் நில அதிர்வுக் கண்காணிப்பு நிலையத்தில் இருந்தாள். கருவிகள் எழுதுகிற கோடுகளைப் பார்த்து, பூமி எங்கே, எவ்வளவு ஆழத்தில் அசைந்தது என்று கண்டுபிடித்து, வரைபடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைப்பாள். வருஷக்கணக்காகப் புள்ளி வைத்து வைத்து ஊருக்கே புள்ளியம்மா ஆகிவிட்டாள். காய்கறிக் கடைக்காரர்கூட, "என்ன புள்ளியம்மா, கீழே இருக்கறவர் இன்னைக்கு அடங்கி இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்குவார்.

கேட்காமல் என்ன செய்வார்? ஊர் உட்கார்ந்திருக்கிற இடம் அப்படி. எந்தக் காலத்திலோ ஒரு எரிமலை தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கிவிட்டு, உள்ளே வெறுமையாகி, தன் மேலேயே இடிந்து உட்கார்ந்துவிட்டது. மிஞ்சியது ஒரு பெரிய வட்டப் பள்ளம். பாதியில் தண்ணீர் நிரம்பி ஏரியானது. மீதியில் ஜனங்கள் குடியேறி, மாடிக்கு மேல் மாடி கட்டி, உச்சியில் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக்கொண்டார்கள். சுற்றிலும் மலைச்சுவர். கீழே இருக்கிறது சாகவில்லை, தூங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டே இருந்தால் சோறு இறங்குமா?

தெற்குச் சுவரில் இருந்தது குவாரி. அங்கே வைக்கிற வெடியும் நிலத்தை உலுக்கும், கருவியும் அதை எழுதிவைக்கும். அது பூமியின் வேலையா, மனிதன் வேலையா என்று குழம்பக்கூடாது என்பதற்காக ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் குவாரியிலிருந்து நிலையத்துக்குப் போன் செய்யவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த வெடிக்காரர் செய்யவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த புள்ளியம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"உங்க ஊர்ல போன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? நீங்க போடற போடுல எங்க தலைவர் மேசைக்கு அடியில போய் உட்கார்ந்திருக்கார்!"

"அவரை அங்கயே இருக்கச் சொல்லுங்கம்மா. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக்கூடாது. அதற்கப்புறம் அவர் ஒழுங்காகப் போன் செய்தார். ஒரு வெடிக்கு அரைமணி நேரம் பேசினார். வெடி இல்லாத நாளிலும், வெடி இல்லை என்று சொல்வதற்காகப் போன் செய்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு போன் நின்றுபோனது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு போன் எதற்கு? காலையில் வாசலில் குனிந்து பூட்ஸ் மாட்டும்போது, "இன்னைக்கு ரெண்டு. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்பார். அவள் அதை மனதில் முடிந்துகொண்டு போவாள். குவாரிப் பக்கமிருந்து துடிப்பு வந்தால் எடுத்து 'வெடி' என்ற தனிக் கிடங்கில் போட்டுவிடுவாள். கணினிக்குள் இருக்கிற குப்பைக்கூடை மாதிரி அது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. விதி என்று ஒன்று இருந்ததையே நிலையத்தில் எல்லோரும் மறந்துபோனார்கள். வெளியூரில் படிக்கிற மகள் லீவுக்கு வந்தால் விருந்தாளிகளிடம் சொல்வாள்: "எங்க வீட்ல அப்பா காரியத்தை முடிப்பார், அம்மா தடயத்தை அழிச்சிடுவாங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வருஷம் மழை விட்டதிலிருந்து பூமிக்கு உடம்பு சரியில்லை. ஏரிக்கரைப் படிகள் தண்ணீரிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பியிருந்தன. தண்ணீர் குறையவில்லை, தரைதான் தூக்கிக்கொண்டது. வரைபடத்தில் புள்ளிகள் பெருகின. முன்பெல்லாம் வாசலில் தெளித்த தண்ணீர் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். இப்போது மேற்கே, வடக்கே, கிழக்கே என்று மலைச்சுவரை ஒட்டி வளைந்து வரிசை கட்டி நின்றன.

அதற்கு என்ன அர்த்தம் என்று நிலையத் தலைவர் மாவட்ட அதிகாரிக்கு அடுப்பங்கரையை வைத்து விளக்கினார். "பானை கொதிக்குது சார். மூடி எழும்பப் பார்க்குது. எழும்பற மூடி நடுவுல ஆடாது, விளிம்புலதான் தடதடங்கும். நம்ம ஊர்தான் அந்த மூடி. மூணு பக்கம் தடதடங்குது, தெற்கே மட்டும் ஒண்ணுமே இல்ல. அந்தப் பக்கம் இறுகப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். எது நடந்தாலும் தெற்கு கடைசியாத்தான் அசையும்."

அதிகாரிக்கு அது போதும். மேற்குக் கரையில்தான் ஆட்டம் அதிகம். அங்கே இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் ஜனங்களையும் தெற்கே, குவாரி மலைக்கு அடியில் இருக்கிற உயர்நிலைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுபோய் வைப்பது என்று முடிவானது. தண்ணீர் இருந்தது, கழிப்பறை இருந்தது, லாரி போக அகலமான சாலையும் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் உத்தரவில் கையெழுத்தாகும். அந்த உத்தரவோடு இணைத்திருந்த வரைபடம் புள்ளியம்மா கைப்படப் போட்டது.

அந்த மாதங்களில்தான் வீட்டுக்காரருக்கும் வேலை கூடியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவர் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"என்னங்க, ரெண்டுன்னு சொல்லிட்டுப் போனீங்க. அஞ்சு வந்திருக்கே?"

துண்டுக்குள்ளேயே தலை சற்று நேரம் நின்றது. "ஆமா, அஞ்சுதான். பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு."

"நேத்து ராத்திரியும் வந்துதே?"

"பெரிய கல்லு உடைக்கற சின்ன வெடி. இப்ப ரெண்டு ஷிப்ட்டு."

"வயசு என்ன ஆகுதுன்னு நெனப்பு இருக்கட்டும்" என்று திட்டிவிட்டு, தோளில் தைலம் தேய்த்துவிட்டாள். தோள் கன்றிப்போய்ச் சிவந்திருந்தது. இவ்வளவு பாடுபடுகிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் நிலையத்துக்குப் போய், தெற்கே இருந்து வந்ததையெல்லாம் வாரிக் கிடங்கில் போட்டாள்.

வெடிக்கும் நடுக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை. வெடி நாலா பக்கமும் வெளியே தள்ளும். அதனால் சுற்றியுள்ள எல்லாக் கருவியிலும் முதல் கோடு மேலேதான் துள்ளும். நடுக்கம் ஒரு பக்கம் தள்ளினால் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு கருவியில் மேலே, இன்னொன்றில் கீழே. ஆனால் இவை பொடிப்பொடித் துடிப்புகள். பாதிக்கு மேல், தெற்கு மேட்டில் இருக்கிற ஒற்றைக் கருவிக்கு மட்டுமே எட்டியவை. மீதியைத் திறந்து பார்த்திருக்கலாம். கட்டின புருஷன் வாயால் சொன்னதை எந்த மடச்சி திறந்து பார்ப்பாள்?

புதன்கிழமை அந்தத் தெற்கு மேட்டுக் கருவியில் பேட்டரி இறங்கிவிட்டது. மாற்றுகிற ஆள் விடுப்பில் இருந்தார். நிலையத்து ஜீப்பில் ஓட்டுநரை அழைத்துக்கொண்டு இவளே கிளம்பினாள். வழி குவாரிக்குள் புகுந்து போகும். லாரிகள் வந்துபோய்க்கொண்டிருந்தன. கல் அரைக்கிற மெஷின் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. வந்தது வந்தோம், அவரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினாள். வேலை செய்கிற இடத்தில் அவரைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. முந்தானையால் முகத்தைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

மெஷின்காரரிடம் போய், "வெடிக்காரர் எந்தப் பக்கம் இருக்கார்?" என்று கத்தினாள்.

அவர் மெஷினை நிறுத்தினார். "யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்."

மனிதர் தலையைச் சொறிந்தார். "அவர் நின்னு மூணு மாசமாச்சேம்மா. வெடி மருந்து லைசென்ஸ் முடிஞ்சு போச்சு, முதலாளி புதுப்பிக்கல. இங்க வெடியே கிடையாது. முன்னாடி உடைச்சுக் குவிச்சதைத்தான் அரைச்சுக்கிட்டிருக்கோம்."

"ராத்திரியில?"

"ராத்திரி இங்க நாய்தான் இருக்கும்."

அந்த நேரத்தில் அவள் ஆயிரம் ஜனங்களைப் பற்றி நினைத்தாள் என்று நான் கதை கட்டமாட்டேன். முதலில் நினைத்தது டிபன் பாக்ஸைத்தான். மூன்று மாதமாகக் காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்? நான் என்ன அன்னியமா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? கண்ணீர் வந்தது, ஆத்திரமும் வந்தது. மேட்டில் ஏறிப் பழைய பேட்டரியின் திருகைக் கழற்றும்போதுதான் கை அப்படியே நின்றது.

அவர் வைக்கவில்லை. வேறு யாரும் வைக்கவில்லை. அப்படியானால் கிடங்கில் கிடப்பதெல்லாம் என்ன?

மேட்டிலிருந்து பார்த்தால் பள்ளி மைதானம் நேர் கீழே தெரிந்தது. கூடாரம் போட மூங்கில் கழிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நிலையத்துக்குத் திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். கிடங்கைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். பல கருவிகளில் விழுந்தவற்றைப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். புள்ளி வைத்துக்கொண்டே போனாள். தெற்கே வெள்ளையாகக் கிடந்த இடம் சிவந்துகொண்டே வந்து, கிழக்கு வரிசையோடும் மேற்கு வரிசையோடும் போய்க் கை கோர்த்தது. முழு வட்டம். மூடி எந்தப் பக்கமும் பிடித்திருக்கவில்லை. பள்ளி மைதானம் சரியாக விளிம்பின் மேலேயே இருந்தது.

தலைவர் வந்து பார்த்துவிட்டுப் பேயறைந்த மாதிரி நின்றார். விஷயத்தைச் சொன்னாள், எதையும் பூசி மெழுகவில்லை. அவர் உடனே குவாரி முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி குரல் வெளியே கேட்டது. "வெடி இல்லைன்னு எவன் சொன்னான்? தினமும்தான் நடக்குது!" லைசென்ஸ் இல்லை என்று சாலைத் துறைக்குத் தெரிந்தால் அரசாங்கத்துக்குச் சாலைக் கல் கொடுக்கிற ஒப்பந்தம் போய்விடும். அந்தப் பயம் அவருக்கு.

தலைவர் போனை வைத்தார். "நான் உங்களை நம்பறேன். ஆனா அதிகாரி கேப்பார். பல கருவியில விழுந்தது பாதிகூட இல்ல, மீதியெல்லாம் ஒத்தைக் கருவி. அது வெடியேதான்னு முதலாளி சாதிச்சா நான் என்ன பண்ண? கூடாரம் வேற இறங்கியாச்சு. வெடி எப்ப நின்னுதுன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் நேர்ல வந்து சொல்லணும்." அந்த ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வெடிக்காரர் வந்தார். சட்டையெல்லாம் தூசி. இத்தனை நாளும் குவாரித் தூசி என்று நினைத்துத் துவைத்தாள். இன்றைக்குத்தான் விரலால் தொட்டுப் பார்த்தாள். சிமெண்ட்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கத்தான் நாள் முழுக்க வாய்க்குள் வைத்திருந்தாள். வந்தது வேறு.

"கடைசி வெடி என்னைக்கு வெச்சீங்க?"

பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. ஒரு பூட்ஸோடு அப்படியே படியில் உட்கார்ந்தார். "பாப்பா லீவு முடிஞ்சு காலேஜுக்குக் கிளம்பினாளே, அதுக்கு மறுநாள்."

"இப்ப எங்க போறீங்க?"

"ஏரித்துறைக் கிடங்குல மூட்டை தூக்கறேன்." மற்ற பூட்ஸின் கயிற்றை இழுத்துக்கொண்டே, "வெடிக்காரன்னு பேர் எடுத்துட்டு மூட்டை தூக்கறேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." என்று மென்று முழுங்கினார்.

"சரி, அதை விடுங்க. நான் அஞ்சு வந்துதுன்னு கேட்டேன். நீங்க ஒண்ணுகூட வைக்கல. அந்த அஞ்சு எங்கேயிருந்து வந்துதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

"யோசிக்காம?" இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "முதலாளி வேற ஆளைக் கொண்டாந்துட்டான்னு நெனச்சேன். லைசென்ஸ் இல்லாமலே திருட்டுத்தனமா எவனையோ வெச்சு வெடிக்கறான்னு. நீ மூணும்ப, அஞ்சும்ப, ராத்திரியிலயும்ப. எவன் அவன், அவ்வளவு வேலைக்காரன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. என் பாறையில எவனோ வெடிக்கறான்னு..."

அட ஆண்டவனே என்று ஆகிவிட்டது அவளுக்கு. மூன்று மாதமாக இந்த மனிதர் பூமியின் மேல் பொறாமைப்பட்டிருக்கிறார்.

"வேற ஆள் யாரும் இல்லீங்க" என்றாள். "அத்தனையும் நடுக்கம். தானா வந்தது."

அவர் முகம் சட்டென்று தெளிந்தது. தன் இடத்துக்கு எவனும் வரவில்லை என்கிற நிம்மதி. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் அது இருந்தது. அதற்குள் அவள் சொன்னது முழுசாக உள்ளே இறங்கி, முகம் வெளுத்துவிட்டது. "அப்ப... அந்தப் பள்ளிக்கூட மைதானம்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்க வந்து சொல்லணும்."

"அங்க யார் யார் இருப்பாங்க?"

"அதிகாரி, எங்க ஆளுங்க, உங்க பழைய முதலாளி. லாரி கொடுக்கறதால உங்க ஏரித்துறை சிமெண்ட் கிடங்கு முதலாளியும்."

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க வரலேன்னா நான் சொல்வேன். அத்தனை பேர் நடுவுல, என் புருஷன் பொய் சொன்னார், நான் அதை நம்பி ஆயிரம் பேருக்குக் குழி காட்டினேன்னு சொல்வேன். எனக்கு நாக்கு எழாது. ஆனா சொல்வேன். சொன்ன பிறகு இந்த வீட்ல நாம எப்படி இருப்போம்னு எனக்குத் தெரியல."

வெள்ளிக்கிழமை காலை அவள் எழுந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். டிபன் பாக்ஸ் காலியாகச் சமையல் மேடையிலேயே இருந்தது.

கூட்டம் மாவட்ட அலுவலக மாடியில். நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தார்கள். குவாரி முதலாளி சலவைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். தலைவர் புதிய வரைபடத்தை விரித்து, முழு வட்டத்தையும் காட்டினார். முதலாளி எழுந்தார். தன் குவாரியில் தினமும் வெடி நடப்பதாகவும், அந்த அம்மா கணக்கில் ஏதோ குளறுபடி என்றும், நல்ல இடத்தை விட்டுவிட்டு ஜனங்களை அலைக்கழிக்கக்கூடாது என்றும், ஊர்மேல் அக்கறை உள்ளவர் போலப் பேசினார்.

அதிகாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளியம்மாவைப் பார்த்தார். "இதுவரைக்கும் நீங்களே இதெல்லாம் வெடின்னுதானே குறிச்சிருக்கீங்க? எதை வெச்சு அப்படிக் குறிச்சீங்க?"

அவள் எழுந்து நின்றாள். "எங்க... எங்க வீட்ல..." என்று ஆரம்பித்தாள்.

வாசலில் சலசலப்பு. கதவருகே நின்ற சேவகர் யாரையோ மறித்துக்கொண்டிருந்தார். "மூட்டைக்காரங்களுக்கெல்லாம் இங்க என்ன வேலை? கீழே நில்லுப்பா." தலையில் சும்மாட்டுத் துணி, மூக்கு முதல் முழங்கால் வரை சிமெண்ட். முகம் கழுவாமல், சட்டை மாற்றாமல், வேலைக்கு நடுவிலிருந்து அப்படியே வந்திருந்தார்.

"அவர் என் வீட்டுக்காரர்" என்றாள் புள்ளியம்மா. அவ்வளவு பெரிய குரல் தனக்கு இருப்பது அவளுக்கே தெரியாது. "உள்ளே விடுங்க."

அவர் உள்ளே வந்தார். முதலாளியைப் பார்க்கவில்லை, கிடங்குக்காரரைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்.

"நான் குவாரியில வெடிக்காரனா இருந்தேங்க. இப்ப இல்ல. மூணு மாசமா ஏரித்துறையில மூட்டை தூக்கறேன். வீட்ல சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, வெடி வெச்சேன், வெச்சேன்னு இவகிட்டப் பொய் சொன்னேன். இந்த மூணு மாசத்துல இவ கணக்குல ஏறின வெடியில ஒண்ணுகூட வெடி இல்லீங்க. மருந்து அறைச் சாவியை லைசென்ஸ் இலாகாக்காரங்க என் கையிலேர்ந்துதான் வாங்கினாங்க, என் கண்ணு முன்னாடிதான் சீல் வெச்சாங்க. சந்தேகமா இருந்தா இப்பவே வண்டியெடுத்துப் போய்ப் பாருங்க. சீல் அப்படியே இருக்கும்."

முதலாளி எழுந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு உத்தரவை எடுத்து, பள்ளி மைதானம் என்று இருந்த வரியைக் குறுக்கே அடித்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும் சார்" என்றாள் புள்ளியம்மா. "திறந்து பார்த்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கல. தப்பு அவரோடது மட்டும் இல்ல."

"அதை அப்புறம் பேசலாம். இப்ப ஜனங்களை எங்க வைக்கறது? அதைச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. தலைவர் மலைச்சுவருக்கு அப்பால் இருக்கிற ஊர்களின் வரைபடத்தைத் தேடினார்.

வெடிக்காரர் திரும்பிப் போகப் பார்த்தார். அவள் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் அந்த வெள்ளை உறையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார்.

"அழுக்காயிடும்."

"ஆகட்டும், உட்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்கார்ந்தார். அத்தனை பேர் நடுவிலும் அவள் அந்தக் கையை விடவில்லை.